ஊதாக் கோடு

ஆறாம் கட்டையில் வேன் ஏறும்போது
மணி நாலே முக்கால்.
ரெங்கம் இன்னும் விழிக்கவில்லை.
பின்சீட்டில் தொண்டைக்காரர், மடியில்
எச்சில் துப்ப ஒரு மைலோ டின்.
முன்னால் ஆ லெங், கர்ப்பப்பை.
உறுப்பைச் சொல்லித்தான்
ஒருவரையொருவர் ஞாபகம் வைத்திருக்கிறோம்.
என்னை என்ன சொல்வார்களோ,
கேட்டதில்லை.

ஜொகூர் பாருவில் மேசை குளிர்கிறது.
துப்பாக்கிக்கு முன் நிற்பவள் மாதிரி
கைகளைத் தூக்கிப் படுத்திருக்கிறேன்.
"ஜாஙான் கெராக், மாச்சிக்."
அசையக் கூடாதாம்.
சொல்லிவிட்டு அத்திக்கா வெளியே ஓடுகிறாள்.
கனத்த கதவு சாத்திக்கொள்கிறது.
சூடில்லை. வாசமில்லை. ஒரு ரீங்காரம்.
இதற்கா இத்தனை ஓட்டம்?
முதுகில் மருந்து பம்பு சுமந்த
பதினோரு வருடத்தில்
எனக்கென்று யாரும்
ஒரு கதவைச் சாத்தவில்லை.

மார்பு இருந்த இடத்தில்
ஊதா மையில் கோடு.
அழியக் கூடாது என்றார்கள்.
எனக்கா தெரியாது?
மறுநடவுக்கு முன்னால்
கிழட்டுச் செம்பனைகளில்
சிவப்புச் சாயத்தால் பெருக்கல் குறி போட்டவள் நான்.
பின்னாலேயே ராஜமுனி
துளைபோட்டு விஷம் ஊற்றிக்கொண்டு வருவான்.
மூன்று வாரத்தில் மட்டைகள் தொங்கிவிடும்.
ஒருதடவை வரிசை பிசகி
காய்க்கிற மரத்தில் போட்டுவிட்டேன்.
சாயம் காய்வதற்குள் துடைக்கலாமென்று திரும்பினால்
அவன் ஊற்றி முடித்திருந்தான்.

பதினேழாம் நாள்
அடுப்படி வேர்வையில் கோடு கரைந்து
அக்குள்வரை ஊதா.
வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.
மகன் புத்தகப்பையில் மார்க்கர் எடுத்து
குளியலறைக் கண்ணாடியில் பார்த்து
நானே வரைந்தேன்.
நேராகத்தான் வந்தது,
கை பழகின வேலை.

அத்திக்கா பார்த்ததுமே பிடித்துவிட்டாள்.
"சியாப்பா லூக்கிஸ்?"
யார் வரைந்தது என்றால் என்ன சொல்ல,
கூரையைப் பார்த்தேன்.
அவள் திட்டவில்லை.
ஸ்பிரிட் பஞ்சால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு
குனிந்து எதையோ தேடினாள்.
தோலுக்குள் ஒரு கறுப்புப் புள்ளி,
கடுகில் பாதி.
முதல் நாள் ஊசியால் வைத்தார்களாம்.
எறும்புக்கடி என்று விட்டிருந்தேன்.
அதிலிருந்து அளந்து
புதுக் கோடு போட்டாள்.

இன்னும் எட்டு நாள்.
கருகிய தோலில்
அவருடைய பழைய கைலித்துணி மட்டும்தான் படலாம்.
திரும்பும் வழியில் லாயாங் லாயாங் தாண்டியதும்
தொண்டைக்காரர் என்னிடம் கேட்டார்,
குரலில்லை, வெறும் காற்று:
"கோடு தப்பிப்போச்சாமே?"

ஆமாம் என்றேன்.
துடைக்க நேரம் இருந்துச்சு.