பிடியரிசிக் கணக்கு

சோறு வைக்கும் முன்
ஒரு பிடி அரிசியைத் தனியே தகரத்தில் போடுவது
எங்கள் மிஸோ மலையில் வழக்கம்.
கர்த்தருடைய வேலைக்கு.
சனிக்கிழமை நான் சாக்கோடு போவேன்.
ஸோதன்பாரி வீட்டில் நாய்க்குப் பயந்து,
பியாக்கெங்கி வீட்டில் தேநீரை மறுக்க முடியாமல்,
சாக்கைத் தோள் மாற்றித் தோள் மாற்றி.

பிடி என்றால் யார் பிடி?
எந்தத் தீர்மானத்திலும் எழுதவில்லை.
குவித்து அள்ளுகிறவர்கள் உண்டு,
விரலை இறுக்கி அள்ளுகிறவர்கள் உண்டு.
விலை ஏறிய வருடம்
நான்கு வயது மகளைக் கூப்பிட்டு
அவள் கையால் அள்ள வைத்தேன்.
பொருளாளர் நான்தான்.
இதை இங்கே மட்டும் சொல்கிறேன்.

அரிசி விற்று, பணம் கட்டி,
ரசீதைக் கஞ்சி தடவி ஒட்டி,
அருணாசலப் பிரதேசத்தில் இரண்டு ஆறு தாண்டி
சாலை முடிந்தபின் மூன்று நாள் நடக்கும் தூரத்தில் இருக்கும்
தாங்சுங்காவுக்கு அனுப்புவோம்.
அவனிடமிருந்து வருடத்துக்கு ஒரு தாள் வரும்.
சந்தித்த வீடுகள் நாற்பத்தொன்று.
பாம்புக்கடிக்குச் சுமந்து சென்றது மூன்று பேரை; பிழைத்தது இருவர்.
ஞானஸ்நானம்:
அந்த இடத்தில் ஒரு வட்டம்,
காசை வைத்து வரைந்தது போல
அவ்வளவு திருத்தமாக.

ஆறு வருடம், ஆறு வட்டம்.
"இத்தனை அரிசியைப் பன்றிக்குப் போட்டிருந்தால்
குட்டியாவது போட்டிருக்கும்"
என்றார் ரூவால்கூமா, கமிட்டியில்.
எல்லோரும் சிரித்தோம்.
நானும்தான்.

ஏழாம் வருடம் தாளோடு ஒரு கடிதம், பென்சிலில்.

"என் சம்பளத்தில் பாதியை வெட்டுங்கள்.
தாக்கியோவுக்குக் கொடுங்கள். இந்த ஊர்க்காரன்.
கிருபைக்கு இங்கே சொல் தேடி அலைந்தேன்.
பரிசு என்றேன்,
'எப்போது திருப்பித் தர வேண்டும்?' என்றார்கள்.
இலவசம் என்றேன்,
'கெட்டுப்போன இறைச்சியா?' என்று சிரித்தார்கள்.
விறகு சுமந்து மலை ஏறும்போது
முன்னே போகிறவன் கூடைக்கு அடியில்
பின்னே வருகிறவன் கை கொடுப்பான்.
யார் கை என்று முன்னவனுக்குத் தெரியாது,
முதுகுக்கு மட்டும் தெரியும்.
அதற்கு இவர்களிடம் ஒரு சொல் உண்டு.
என் காதில் எத்தனையோ முறை விழுந்த சொல்.
ஓர் இரவு தாக்கியோ
இயேசுவின் கதையை நடுவில் நிறுத்தி
அந்தச் சொல்லைச் சொன்னான்.
நெருப்பைச் சுற்றி இருந்தவர்கள்
மெல்லுவதை நிறுத்தினார்கள்.
நான் பேசினால் தெற்கத்தியான் சாமி,
அவன் பேசினால் அவர்கள் வீட்டுச் சங்கதி.
வட்டம் வழக்கம்போல் போட்டிருக்கிறேன்."

கமிட்டி கூடியது.
அவன் நம்மவன் இல்லையே என்றார்கள்.
வேதாகமப் பள்ளி படிக்கவில்லை,
வங்கிக் கணக்கு இல்லை,
கையெழுத்துக்குப் பெருவிரல்.
புகைப்படத்தில்
மிதுன் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு
சரியான நேரத்தில் கண்ணை மூடியிருந்தான்.
இவனுக்கு எந்தப் பத்தியில் செலவெழுதுவது?
மின்சாரம் போனது. வாக்குவாதம் போகவில்லை.
மெழுகுவர்த்தி முடியும் நேரத்தில்
ரூவால்கூமாதான் சொன்னார்,
"ஆறு மாதம் பார்ப்போம்."
ஆமென் என்று யாரும் சொல்லவில்லை.
குடையைத் தேடினார்கள்.

வீட்டுக்கு வந்து பேரேட்டில் அளவுகோல் வைத்து
புதிதாய் ஒரு வரி இழுத்தேன்.
பெயர்: தாக்கியோ.
பதவி என்ற இடத்தை அப்படியே விட்டேன்.
அவனுக்கான தொகை
மாதத்துக்கு எத்தனை பிடி என்று
பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன்.
வந்த எண்ணை அழித்துவிட்டேன்.

காலையில் உலை வைத்தபோது
மகள் தானாகவே வந்து நின்றாள்.
போய் விளையாடு என்றேன்.
தகரத்தைத் திறந்து
நானே அள்ளினேன்.
என் கை பெரியது. மறந்துபோயிருந்தேன்.
பாதி தரையில் சிந்தியது.
குனிந்து பொறுக்குவதற்குள்
உலை பொங்கி
அடுப்பு அணைந்துவிட்டது.