ஆட்சேபம் இருப்பின் எழுதவும்

நகரசபை மண்டபத்தில் நூற்றியிருபது கதிரை போட்டோம்.
வந்தவர்கள் நாற்பத்தியொரு பேர்.
ஒரு மின்விசிறி ஓடவில்லை,
அதற்குக் கீழே மட்டும் ஒரு வட்டம் காலியாகக் கிடந்தது.

படிவம் மூன்று மொழியில்.
தமிழில், 'பொதுமக்கள் சுதந்திரமாக நடனமாட'
மத்திய வீதியின் கீழ்ப்பாதி மூடப்படும் என்றிருந்தது.
'நடமாட' என்றுதான் நான் கொடுத்தேன்.
அச்சகத்துக்கு என்ன சந்தோசமோ.

முதலில் எழும்பினவர் நழீம்தீன், புடவைக்கடை.
"கலியாணத்துக்குப் பதினெட்டுச் சாறி எடுக்கிற சனம்
வாகனத்த எங்க உடுற? கடலுக்குள்ளயா?"
எழுதினேன்: தரிப்பிட வசதி போதாது.

பொறியியலாளர் குருநாகலிலிருந்து வந்த பொடியன்.
திரையில் படம் காட்டினார்:
கல் பதித்த வீதி, வாங்கு, ஐஸ்கிறீமோடு ஒரு பிள்ளை,
வரிசையாய் வேம்பு.
"அந்த மரம் அவ்வளவு வளர எத்தனை வருசம்?"
பின்வரிசையில் ஒரு குரல்.
பன்னிரண்டு, என்றார்.
"அதுமட்டும்?"
அவர் யோசித்து, உண்மையாகவே யோசித்து,
குடை என்றார்.

ஓட்டோ பத்மசீலன் உள்ளே வரவேயில்லை.
கதவு நிலையில் சாய்ந்தபடி,
"சந்தை முடக்கில நிண்டா எனக்கு
நாளைக்கு இருவது ஹயர். நீங்களே பெருக்கிப் பாருங்கோ."
பெருக்கிப் பார்த்தேன்.
எழுதவில்லை. கருத்து என்ற நிரலில்
இலக்கம் போட இடமில்லை.

மேரி ஜசிந்தா தையல்கடைக்காரி.
படிவத்தை நாலாய் மடித்து வைத்திருந்தா.
"மூடப்படும் எண்டு போட்டிருக்கு.
அந்தச் சொல்லை மாத்தேலாதோ?"
ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவவே சொன்னா:
"முந்தியும் மூடினவை. பீப்பாய் அடுக்கி, முள்ளுக்கம்பி போட்டு.
அப்பவும் வாகனம் இல்லைத்தான்.
நடந்துதான் போனனாங்கள்,
அடையாள அட்டையைக் கையில பிடிச்சபடி."

மொழிபெயர்த்தவர் சுருக்கமாகச் சொன்னார்.
சொல் மாற்றவேணுமாம் என்பது போய்ச் சேர்ந்தது,
பீப்பாய் போகவில்லை.
பொறியியலாளர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.
நானும் எழுதினேன், சொற்பிரயோகம் பற்றிய ஆலோசனை என்று.
பிறகு வெட்டினேன். பிறகு
வெட்டினதற்கு மேலே அதையே எழுதினேன்.

கடைசியாக யோகச்சந்திரன்.
கையால் சுற்றும் மூன்று சில்லு வண்டியை
படியில் நாலுபேர் தூக்கி வைத்திருந்தார்கள்.
வலது காற்சட்டை முழங்காலோடு ஊசி குத்தியிருந்தது.
"வாகனத்துக்குத் தடை, கால்நடையா வாறவைக்கு அனுமதி.
வடிவான திட்டம். நான் ஆதரவு.
ஆனா இது வாகனமோ என்ர காலோ எண்டு
ஒரு துண்டில எழுதித் தாங்கோ.
வாகனமெண்டா வரி கட்டுறன்.
காலெண்டா, செருப்பு ஒண்டு காணும்."
சிரிப்பு வந்தது மண்டபத்துக்கு.
வந்த சிரிப்பு எங்கே இருப்பதென்று தெரியாமல்
கதிரைகளுக்கிடையில் நின்றது.
கவனத்தில் எடுக்கப்படும், என்றார் தலைவர்.

எண்ணினேன்: ஆம் பதினாறு, இல்லை பத்தொன்பது,
கருத்தில்லை ஐந்து.
நாற்பதுதான் வருகிறது.
மற்றதை வாசலில் ஒரு மான்
முத்திரையோடு சேர்த்து மென்றுகொண்டிருந்தது.

அறிக்கை முடிக்க எட்டரை.
மூடப்படும் என்பதை அழித்துவிட்டு
திறக்கப்படும் என்று போட்டேன், பொய்யாய்க் கிடந்தது.
விடப்படும் என்று போட்டேன். யாரை, எதற்கு?
வெற்றிடமாக விட்டு மேசையைப் பூட்டினேன்.

மத்திய வீதியில் கடைக்கதவுகள் இறங்கியிருந்தன.
வாகனம் இல்லை, ஆளும் இல்லை.
படத்தில் இருந்தது போலவே,
ஐஸ்கிறீம் மட்டும் குறைவு.
கடைசி பஸ் போய்விட்டது.
முடக்கில் ஒரு ஓட்டோ லைற் போட்டது.

உப்புவெளி மட்டும் அவன் பேசவில்லை.
இறங்கிக் காசு கொடுக்க, எண்ணாமல் சட்டைப்பையில் வைத்தான்.
"கூட்டத்தில நிண்டு பகல் போட்டுது," என்றான்.
"இது இண்டைக்கு மூண்டாவது."