பொதுச்சுவர்

வல்பரைசோவில் வீடு பார்க்கிறவர்கள்
கடல் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள்.
படிகளை எண்ணுவதில்லை.
எனக்கு நூற்று நாற்பத்து மூன்று.
குன்றேறும் இழுவை ரயில் பழுதாகி
இது நான்காவது குளிர்காலம்.

ஏறுவது மூச்சின் பாடு.
இறங்குவது கணுக்காலின் பாடு.
எழுபத்து மூன்று வயதில்
காலிப் பையும் கையுமாய்
மேலிருந்து அறுபத்தெட்டாம் படியில்
உட்கார்ந்தபோதுதான் இது தெரிந்தது.
விழவில்லை.
உட்கார்ந்தேன் என்றே
இன்றுவரை சொல்லிவருகிறேன்.

சுகாதார நிலையத்தில் யாஸ்னா என்கிற பெண்
என்னைச் சுவரைப் பார்த்து நிறுத்தினாள்.
"குதிகால் தரையை விடக் கூடாது.
முழங்காலை மட்டும் கொண்டுபோய்ச் சுவரைத் தொடுங்கள், சுனில்தா."
வலது கால்
நாலு விரற்கடை தள்ளி நின்றும் தொட்டது.
இடது கால் ஒரு விரற்கடைக்கே முனகியது.
குதிகால் என்று பேர்.
குதித்து எத்தனை வருஷம்!

படம் போட்ட தாள் ஒன்று தந்தாள்.
சுவரில் இரு கை, ஒரு கால் பின்னே,
முப்பது எண்ணும் வரை.
பிறகு பின்காலைச் சற்றே மடக்கி
இன்னொரு முப்பது.
துள்ளக் கூடாது, மூச்சடக்கக் கூடாது,
இழுக்கலாம், வலிக்கக் கூடாது.
எத்தனை நாளைக்கு என்று கேட்டேன்.
"பல் தேய்ப்பதை எத்தனை நாளைக்குச் செய்வீர்கள்?"
எனக்குப் பல் செட்டு என்பதை
நான் சொல்லவில்லை.

என் வீட்டில் சாமான் அடைக்காத சுவர்
ஒன்றே ஒன்று.
அதற்கு அந்தப் பக்கம் எலெயுதேரியோ,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
நிலநடுக்கத்தில் விழுந்த விரிசலுக்கு
சிமெண்ட் யார் வாங்குவது என்று பேசினோம்.
அதற்கப்புறம் பேசவில்லை.
பதினோரு வருஷம்.

முதல் வாரம்
கெண்டைக்கால் பேருக்கேற்றபடி
தூண்டிலில் மாட்டியது போல் துடித்தது.
ஆறாம் நாள் கொஞ்சம் இணங்கியது.
பன்னிரண்டாம் நாள் காலையில்
விரிசல் வழியாக எண்கள் வந்தன.

"ஏழு. எட்டு. ஒன்பது."

காது மந்தம் அவருக்கு.
ரகசியத்தையும் கூவித்தான் சொல்வார்.
அவரிடமும் அந்தத் தாள் இருக்கிறது!
நான் இங்கிருந்து தள்ள
அவர் அங்கிருந்து தள்ள
சிமெண்ட் இல்லாத சுவர்
என்னத்தைச் செய்யும் பாவம்,
நடுவில் நின்றது.

ஆனால் மனிதர் ஏமாற்றுகிறார்.
"பதினெட்டு, பத்தொன்பது, இருபத்தைந்து."
மூன்று நாள் பொறுத்தேன்.
நாலாம் நாள்
விரிசலில் வாயை வைத்துக் கத்தினேன்:

"இருபது!"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
கீழே ஏதோ கப்பல் ஊதியது.
என் குதிகால் தரையில்தான் இருந்தது,
அதைக் கவனித்துக்கொண்டேன்.

"இருபது," என்றார்.
வெகுநேரம் கழித்து,
"இருபத்தொன்று."
கொக்கியில் தொங்கும் பெட்டியை
கப்பல் தளத்தில் இறக்குவது போல
ஒவ்வொன்றாக.

பத்து வாரத்தில்
இடது கால் இரண்டரை விரற்கடை.
அரையை யாஸ்னா ஒப்புக்கொள்ளவில்லை.
நேற்று ரொட்டி வாங்க இறங்கினேன்,
கைப்பிடியைப் பிடித்தபடிதான்.
அறுபத்தெட்டு போய்விட்டதென்று
எண்பதுக்குப் பக்கத்தில்தான் உறைத்தது.

சிமெண்ட் விலை ஏறிவிட்டதாம்,
இன்று காலை விரிசல் வழியாகச் சொன்னார்,
வேண்டுமானால் பாதிப் பணம் தருகிறாராம்.

இப்போதைக்கு இருக்கட்டும் என்றேன்.
இடது காலுக்கு இன்னும்
ஒரு முப்பது பாக்கி.