பதினேழாம் எண் பெட்டி

பனியாற்றிலிருந்து திரும்பியிருக்கிறது
பதினேழாம் எண் பெட்டி.
மூலையில் ஒரு நசுங்கல், அவ்வளவே.

ரெகுலா திருகாணிகளைக் கழற்றினாள்.
எட்டாவது மட்டும் முரண்டு பிடித்தது.
திரையின் உட்புறம்
வியர்த்திருந்தது.

ரப்பர் வளையத்தை நகத்தால் வருடிப் பார்த்தோம்.
வெடிப்பில்லை.
மறுபடி மூடி, தொட்டியில் அமுக்கி
அரை மணி நேரம் குனிந்து நின்றோம்
ஒரு குமிழிக்காக.
எழவில்லை.

அப்புறம்தான் உறைத்தது.
நுழைந்ததல்ல,
நாங்களே வைத்து அனுப்பியது:
தூன் நகரில், இதே மேசையில்,
ஜூலை மழை ஜன்னலில் அடிக்க,
கெட்டில் கொதிக்க,
அவள் தன் விவாகரத்தைச் சொல்லச் சொல்ல
நான் இறுக்கி மூடிய காற்று.
மைனஸ் இருபதில்
அதற்கு வேறு போக்கிடம் இல்லை.

புதிய வரைபடத்தில்
மூன்று மில்லிமீட்டரில் ஒரு துளை போட்டாள்;
நீரை மறித்து ஆவியை விடும் சவ்வு.
"மூச்சு விடட்டும்" என்றாள்.

நான் கெட்டிலை
அடுத்த அறைக்குக் கொண்டுபோனேன்.