பிப்ரவரியின் மூன்று கட்டங்கள்

பக்கத்துத் தெரு பெயின்ட் பட்டறைக்கு
நேற்று வந்துவிட்டார்களாம்.
ரெனாட்டா போனை வைத்த வேகத்தில்
காபி சிந்தியது.
வெளியே ஏரியிலிருந்து பனி அடித்துக்கொண்டிருந்தது.
ஈரி நகரத்தில் மார்ச் என்றால்
காலண்டரில் மட்டும்தான் வசந்தம்.

நாங்கள் முலாம் பூசுகிறவர்கள்.
ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பிகள்,
மோட்டார் சைக்கிள் கைப்பிடிகள்,
ஒருமுறை ஒரு தேவாலயத்தின் மெழுகுவர்த்தித் தண்டுகள்.
மின்னுவதெல்லாம் முன்வாசல் வழியே போய்விடும்.
மின்னாதது
பின்சுவரோரம் பீப்பாய்களில் எங்களோடு தங்கும்
நூற்றெண்பது நாள்.
மேலே ஒரு நாள் ஆனாலும் பதில் சொல்ல வேண்டும்.

தம் வீட்டுக்குள்ளேயே புகுந்த திருடர்களைப்போல
அன்று முழுக்கத் துழாவினோம்.
டெல்ராய் குந்தி உட்கார்ந்து
மூடி வளையங்களை ஒவ்வொன்றாக இறுக்கினான்.
குரோமிக் அமிலப் பீப்பாயின் வாயில்
புனல் செருகியபடியே இருந்தது,
எத்தனை நாளாகவோ.
திரும்ப ஊற்றத்தானே போகிறோம் என்று
எல்லோரும் விட்டுவைத்த புனல்.

கண் கழுவும் குழாயைத் திறந்தேன்.
முதலில் இருமியது.
பிறகு தேநீர் நிறத்தில் தண்ணீர்.
கண்ணில் அமிலம் தெறித்தவன்
இதை நம்பியா ஓடி வருவான்?
தெளிய பதினோரு நிமிடம் ஆயிற்று.
அத்தனை நேரமும் கண்ணை இறுக்கிக்கொண்டு நின்றேன்,
ஏனென்று தெரியவில்லை.

தொலைபேசிக்கு மேலே மஞ்சளித்த தாள்.
அவசரத்துக்கு அழைக்க: நார்பர்ட் சிகுலா.
நார்பர்ட் அரிசோனாவுக்குக் குடிபோய் நாலு வருஷம்.
இங்கே தீப்பற்றியிருந்தால்
அங்கே ஏதோ நீச்சல்குளத்தோரம்
அவர் போன் அடித்திருக்கும்.
தாளைக் கிழித்தேன்.
யார் பெயரை எழுதுவது என்று ஒருவரும் சொல்லவில்லை.
என் பெயரை எழுதினேன்.

அலமாரிக்குப் பின்னால்
தார்ப்பாய் போர்த்திய ஒரு பீப்பாய்.
ஒட்டுத்தாள் இல்லை, தேதி இல்லை.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் யார் என்று
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.
ஒடாலிஸ் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள்.
பாதிவரை வெற்றொலி,
அதற்குக் கீழே ஊமை.
"அபாயக் கழிவு, பரிசோதனை நிலுவையில்" என்று எழுதினோம்.
தேதிக்கு முன்னால்
"கண்டெடுத்தது" என்றொரு வார்த்தை சேர்த்தாள் அவள்.

கடைசியில் வாராந்தரப் பதிவேடு.
பிப்ரவரியில் மூன்று கட்டங்கள் காலி.
ரெனாட்டா இரண்டு பேனாக்களை என் பக்கம் தள்ளினாள்,
ஒன்று கறுப்பு, ஒன்று நீலம்.
"ஒன்றில் கையெழுத்தைக் கொஞ்சம் சரித்துப் போடு."
இருபத்திரண்டு பேர் சம்பளம் என்று அவள் சொல்லவில்லை.
சொல்லத் தேவையும் இல்லை.

பிப்ரவரியில் என்ன நடந்தது?
சாவு இல்லை. யாரும் நோயில் படுக்கவில்லை.
பின்பக்கம் ஹீட்டர் கிடையாது.
குளிருக்கு நான் போகவில்லை.
அவ்வளவுதான்.

மூன்று கட்டங்களிலும்
"பார்க்கவில்லை" என்று எழுதி
அன்றைய தேதியைப் போட்டேன்.
மாலைவரை ரெனாட்டா என்னோடு பேசவில்லை.
போகும்போது என் மேஜை விளக்கையும்
அவளே அணைத்தாள்,
நான் இன்னும் உட்கார்ந்திருக்கையில்.

மறுநாள் யாரும் வரவில்லை.
மறுவாரமும்.
திங்கள்தோறும் கோட்டை மாட்டிக்கொண்டு
பின்சுவருக்குப் போனேன்.
மூடி, வளையம், தேதி, கசிவு.
லேபிலிருந்து பதில் வந்தது: நிக்கல்.
லாரி வந்து அந்தப் பீப்பாயை ஏற்றிப் போனது.
அது இருந்த இடத்தில் துருப்பிடித்த ஒரு வட்டம்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை
சேறு அப்பிய பூட்ஸுடன் ஓர் இளம்பெண் வந்தாள்.
வந்ததும் குழாயைத் திறந்தாள்.
தண்ணீர் தெளிவாக வந்தது.
ஒன்றும் சொல்லவில்லை.
பதிவேட்டைப் புரட்டினாள்,
ஜனவரி, ஜனவரி, பிப்ரவரி.
விரல் நின்றது.

"இது யார் எழுதியது?"

சுவரில் இருந்த என் பெயரைப் பார்த்தேன்.
"நான்தான்."

நிமிர்ந்து ஒருமுறை பார்த்தாள்.
பிறகு தன் குறிப்பேட்டில் ஏதோ எழுதினாள்,
ஒரு வரி, இன்னும் அரை வரி.
எதிரே நின்ற எனக்கு
எழுத்துகள் தலைகீழாகத் தெரிந்தன.