நாற்பத்தெட்டில்

நாற்பத்தேழு வரை சும்மா வரும்.
நாற்பத்தெட்டில் ஹேண்டில் தலையாட்டும்,
வேண்டாம் வேண்டாமென்று.
தக்கலை ஸ்டேஷன் ஏலத்தில் எடுத்த எஸ்டி.
எடுக்கும்போது ஹெட்லைட்டுக்குள் எறும்புப் புற்று.

காற்றாக்கும் என்றேன்.
ஆரல்வாய்மொழியில் காற்றைக் குறை சொன்னால்
யாரும் மறுப்பதில்லை.
டயரில் காற்றைக் குறைத்தேன், கூட்டினேன்.
ஸ்போக்குகளை ஸ்பானரால் தட்டிக் கேட்டேன்,
இரண்டு மட்டும் மழுங்கிப் பேசின. முறுக்கினேன்.
பின்சக்கர ஃபோர்க்கில் புஷ் மாற்றியதில்
எழுநூறு ரூபாய் போனது.
நாற்பத்தெட்டில் அது
வேண்டாமென்றது.

சுங்கான்கடை பெர்ஜின் முன்சக்கரத்தைத் தூக்கி
அடியில் கட்டை கொடுத்தான்.
ஒற்றை விரலால் ஹேண்டிலைத் தள்ளினான்,
இடமிருந்து வலம், மெல்ல.
நடுவில் ஒரு டக்.
"நேரா வரும்போ கடிக்கு, பாத்தியளா டீச்சர்?"

கழற்றிய கிண்ணத்தை
விளக்கடியில் பிடித்தோம்.
கிரீஸ் காய்ந்து கருப்பட்டிப் பாகாகியிருந்தது.
துடைத்தால்
ஒரு குண்டுக்கு ஒன்றாய்ச் சின்னஞ்சிறு பள்ளங்கள்,
நகம் மட்டுமே அறிகிற ஆழம்.

யாரோ
இந்த ஜில்லாவின் எல்லாக் குழியிலும்
ஹேண்டிலைத் திருப்பாமலே இறங்கியிருக்கிறார்.
அத்தனை அடியும் நேர்திசையில்.
ஏலத் தாளில் அவர் பெயர் இல்லை,
வழக்கு எண் மட்டும்.

புதுக் குண்டு ஒன்று உருண்டு ஓடைக்குள் விழுந்தது.
பெர்ஜின் அதைத் திட்டிய திட்டை
இங்கே எழுத முடியாது.

சாயங்காலம் முப்பந்தலில்
காற்றாலைகளின் நிழல் ரோட்டை வெட்டிக்கொண்டிருக்க
ஐம்பத்திரண்டு.
வண்டி ஒரு முழம் ஒதுங்கியது, திரும்பி வந்தது.

இது
காற்றாக்கும்.