சாவி என்று எழுதினேன்

துர்க்குவிலிருந்து ஸ்டாக்ஹோமுக்குப் போகிற கப்பல்.
ஏழாம் தளம். கார்ப்பெட்டில் பீர் வாடை.
இரவு பதினொன்றரைக்கு என் இரண்டாம் சுற்று.
ட்ரம்ஸில் கெய்யோ, கீபோர்டில் அவன் மச்சான்,
மைக்கில் நான், ஐலா ரௌத்தியோ.
பலகையில் என் பெயரின் ஓர் எழுத்து விழுந்து
நாலு மாதமாயிற்று. யாரும் கேட்கவில்லை.

"வெய்க்கோ லம்பேலா பாட்டு ஒன்று!"
முன்மேசையிலிருந்து ஒரு கை உயரும்.
எதுவென்று தெரியும்.
இருந்தாலும் கேட்பேன், "எந்தப் பாட்டு?"
அந்த அரை நிமிடச் சுகத்தை ஏன் விடுவானேன்.

அதை எழுதியது
அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில், சலவை அறையில்.
முறைப்பட்டியலில் என் பெயருக்கு நேரே ஆறு முதல் எட்டு.
மெஷின் கடைசிச் சுற்றில் உதறிக்கொண்டிருந்தது,
அந்த உதறலில் பல்லவி வந்து விழுந்தது.
பென்சில் இல்லை.
சோப்புப் பெட்டியைக் கிழித்து உள்பக்கம்
கண்மையால் எழுதினேன்:
மேசைமேல் ஒரு சாவி,
அதை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திப் போன ஆள்.
அவ்வளவுதான் பாட்டு.

அவனா அவளா என்று கேட்காதீர்கள்.
எங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்.
என் பிழைப்பே அந்தச் சொல்லில்தான் ஓடுகிறது.
ஆணுக்கென்று தைத்ததைப் பெண்ணுக்கு விற்றிருக்கிறேன்,
பித்தான்கூட மாற்றாமல்.

என் சொந்த இசைத்தட்டு அறுநூற்றுப் பதினொன்று விற்றது.
கம்பெனிக்காரர் காபியை ஊதிக்கொண்டே சொன்னார்:
"பாட்டை எங்களிடம் கொடு.
குரலை நீயே வைத்துக்கொள்."
வைத்துக்கொண்டேன்.

பிறகு இருபத்தாறு வருடம்.
பாடவந்த பனிச்சறுக்கு வீரன் ஒருவனுக்கு
ரகரம் உருளாது;
ரகரமே இல்லாமல் மூன்று சரணம் எழுதினேன்,
என் வாழ்நாளின் கடினமான வேலை,
ஒருவரும் கவனிக்கவில்லை, கவனிக்காததுதான் கூலி.
பத்தொன்பது வயது மின்னாவுக்கு
அவள் இன்னும் படாத துக்கத்தை
அளவெடுத்துக் கொடுத்தேன்.
ஏழு வருடம் கழித்து அது அவளுக்குச் சரியாய்ப் பொருந்தியது.
நள்ளிரவில் போன் செய்து திட்டினாள்.
கேட்டுக்கொண்டிருந்தேன்.
பின்னால் குழாய் சொட்டுகிற சத்தம்கூட
நல்ல தாளத்தில்தான் இருந்தது.
குறித்துக்கொண்டேன்.
ஆம், குறித்துக்கொண்டேன்.

வெய்க்கோ நல்லவன்தான்.
தம்பெரே ஸ்டூடியோவில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று
தொண்டையைத் தடவிக்கொண்டு சொன்னான்:
"சாவி மேலே ஏற மாட்டேன் என்கிறது, ஐலா.
கடிதம் என்று வைத்துக்கொள்ளலாமா?"
வைத்துக்கொண்டோம்.
ஒரு சொல்லுக்கு மூன்றில் ஒரு பங்கு.
அரையாண்டுக் கணக்குத் தாளில்
அவன் பெயர் முதலில் வரும், என் பெயர் கீழே,
என் ரௌத்தியோவில் எல்லா எழுத்தும் இருக்கும்.

நாடே கடிதம் பாடிற்று.
கல்யாணத்தில், கரோக்கியில், ஐஸ் ஹாக்கி இடைவேளையில்.
என் பல் மருத்துவர் என் வாய்க்குள் கைவிட்டபடியே பாடினார்.
நான் என்ன சொல்ல முடியும்?

கப்பலில் மட்டும் "சாவி" என்றே பாடுவேன்.
போன வெள்ளிக்கிழமை ஒரு பெரியவர்
தடியைத் தரையில் தட்டினார்:
"கடிதம்! கடிதம்! வார்த்தை தெரியாமல் ஏன் மேடையேறுகிறாய்?"
கெய்யோ தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.
சொல்லியிருக்கலாம்.
அவர் பக்கத்தில் ஒரு பெண்மணி,
கண்ணை மூடி, உதட்டை அசைத்து,
அந்த வரிக்காகவே காத்திருந்தாள்.

கடிதம் என்று பாடினேன்.

வீட்டு மேசையில் கடிதம் எதுவும் இருக்கவில்லை.
இழுப்பறைக்குள் தேடினேன், ரொட்டிப் பெட்டிக்குப் பின்னால்,
உலர்ந்த துணிகளின் மடிப்புக்குள்கூட.
இல்லாததால்தான் அந்தச் சாவியை
அத்தனை நேரம் பார்த்தேன்.

ஆனால் வெள்ளிக்கிழமை, மேல் ஸ்தாயியில்,
ஓலந்துத் தீவுகளின் விளக்குகள்
சன்னலைக் கடந்துகொண்டிருந்தபோது
அந்தக் கடிதத்தின் முதல் வரி எனக்குத் தெரிந்தது.

அதை யாருக்கும் விற்கப் போவதில்லை.
இந்த மாத வாடகை கட்டியாயிற்று.